நாற்பதாயிரம் பைட்டில் ஒரு குரல்

2006 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை, மாலை 4 மணி 10 நிமிடம். கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகியும் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 39 காட்டியது. மேற்கே மேகம் கூடியிருந்தது. காற்று இல்லை. பெய்வதுபோல ஒரு மணி நேரமாக இருட்டிக்கொண்டு நின்றதே தவிர ஒரு சொட்டு விழவில்லை. மழை வந்தால் எங்கள் தெருவில் முதலில் போவது கரண்ட். அது போனால் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரின் நினைவில் இருந்ததெல்லாம் போய்விடும். மறுபடி ஏற்ற நான்கு நிமிடம் ஆகும். முதல் முறையே சரியாக ஏறும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அன்று மட்டும் மூன்று முறை தவறி நான்காவது முறை ஏறியிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டருக்கு எதிரே என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, புடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு மகளின் குரலைக் கேட்கப்போகிறாள். மகள் பதினேழாம் தேதி கனடாவிலிருந்து சென்னைக்கு வருகிறாள், பதினைந்து நாள் இருப்பாள், விருத்தாசலத்துக்கு வரலாமா கூடாதா என்று அம்மாதான் சொல்ல வேண்டும். கேள்வி அவ்வளவுதான். அதற்கான பதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

எதற்காக இவ்வளவு சுற்றி வளைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கே சில நாள் புரிவதில்லை.

என் மனைவிக்கு ஐம்பது வயதிலிருந்தே காது மந்தம். 2003-இல் முக்கால்வாசி போய்விட்டது. எதிரே நின்று முகத்தைக் காட்டிப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஃபோன் உதவாது. கடலூரில் வாங்கிய காதுக் கருவி, ரிசீவரைப் பக்கத்தில் கொண்டுபோனாலே 'கீ' என்று கத்தும். மகள் தன் விருப்பப்படி ஒருவரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு, அதைச் சொல்வதற்காக ஃபோன் செய்த நாளில் மனைவிக்குக் கொஞ்சம் காது கேட்டுக்கொண்டிருந்தது. நான் அப்போது வேலையில் இருந்தேன். செராமிக் பயிற்சி நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். ஓய்வுக்கு நாற்பத்தொரு நாள் பாக்கி. வீட்டுக்கு வந்தபோது மனைவி, "இனிமே அவ பேச்சு இந்த வூட்ல வேணாம்" என்று மட்டும் சொன்னாள். ஃபோனில் இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மகளின் கடிதங்கள் வந்தன. பதினொன்று. ஒன்றையும் மனைவி பிரிக்கவில்லை. நான் பிரித்துப் படித்து, சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து சொல்வேன். "நல்லா இருக்காளாம். குளிராம். வேலை கிடைச்சிருச்சாம்."

"நாலு பக்கம் எழுதியிருக்கா. நீங்க மூணு வார்த்தை சொல்றீங்க" என்பாள்.

"விஷயம் அவ்வளவுதான்."

"உங்களுக்கு அவ்வளவுதான்."

பிரித்து நீயே படி என்றால், "எழுத்துல யோசிச்சு எழுதிடலாம். எனக்கு அவ குரல் கேக்கணும். குரல்ல தெரியும்" என்றாள். கேட்காத காதை வைத்துக்கொண்டு குரல் வேண்டும் என்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் இதை மகளுக்கு எழுதினேன். அதன் பலனாகத்தான் மே மாதம் 24-ஆம் தேதி மூன்று ஒலி ஃபைல்கள் மெயிலில் வந்தன. ஒவ்வொன்றும் சரியாக அறுபது விநாடி. கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரண ஒலிப்பதிவுக் கருவி ஒரு தடவைக்கு அவ்வளவுதான் பதியும் என்பதால் மூன்றாகப் பேசி அனுப்பியிருந்தாள்.

எங்கள் வீட்டில் புதுக் கம்ப்யூட்டர் கிடையாது. ஜங்ஷன் ரோட்டில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. வீட்டிலிருந்து 1,140 தப்படி. அதை நடத்தியவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எஸ்.டி.டி. பூத் வைத்து, அது படுத்தபின் அதே கண்ணாடிக் கூண்டுகளில் கம்ப்யூட்டரை வைத்தவர். மனைவியை அங்கே அழைத்துப்போய் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியை முழுக்க ஏற்றி வைத்தேன். வெளியே நின்ற எனக்கே கேட்டது. பக்கத்துக் கூண்டுகளில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் கேட்கவில்லை.

"ஆ ஆ ஓ ஓன்னு இருக்குது. சுவத்துக்கு அந்தாண்ட யாரோ அழுவுற மாதிரி" என்று, தன் குரல் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியாமல், கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். யாரோ சிரித்தார்கள். அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தாள். 1,140 தப்படியும் எனக்குப் பத்தடி முன்னாலேயே போனாள்.

இனிப் பழைய கம்ப்யூட்டர் கதை. 1988-இல் என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கியது. நாற்பது ரப்பர் கீ. திரைக்கு வீட்டு டி.வி.தான். வட்டு, தட்டு எதுவும் கிடையாது; டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் அந்தச் சத்தத்திலிருந்து நிரலை ஏற்றிக்கொள்ளும். பீங்கானுக்குப் பூசும் பளபளப்புக் கலவையில் எந்தப் பொருள் எத்தனை கிராம் என்று கணக்குப் போட அதை வாங்கினேன். கை இரண்டும் மாவாக இருக்கும்போது திரையைப் பார்த்துப் பார்த்து எடைபோட முடியாது என்று, எண்களை அதுவே வாயால் சொல்கிற மாதிரி ஒரு நிரலும் எழுதினேன். பூஜ்யம் முதல் ஒன்பது வரை என் குரலையே அதற்குக் கொடுத்தேன். அதன் பேச்சு நன்றாகவா இருக்கும்? பொரிகிற எண்ணெய்க்குள் இருந்து பேசுவதுபோல இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போன நாட்களில் சக ஊழியர்கள், "சாரோட தம்பி வண்டு உள்ள இருக்காரு" என்று கேலி செய்வார்கள்.

பிரௌசிங் சென்டரிலிருந்து திரும்பி இரண்டு நாள் கழித்து, சும்மா இருக்கப் பிடிக்காமல், பெட்டியில் இருந்த அந்த மிஷினை எடுத்துத் துடைத்து, எண் சொல்லும் நிரலை ஏற்றி ஓடவிட்டேன். ஒலியை அதன் முதுகில் இருந்த துளையிலிருந்து கம்பி வழியாக டேப் ரிக்கார்டரின் ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்திருந்தேன். சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி நின்ற மனைவி திரும்பி வந்தாள்.

"எதுக்கு எட்டு எட்டுன்னு கத்துறீங்க?"

நான் வாயே திறக்கவில்லை. மிஷின்தான் எட்டு என்றது. குக்கர் விசில் கேட்காதவள். தினமும் ஏழையும் எட்டையும் குழப்பிக்கொண்டு, பால்காரனிடம் சண்டை போடுகிறவள்.

"ஏழா, எட்டா?" என்று மறுபடி ஓடவிட்டேன்.

"எட்டு. இப்ப ஏழு. இப்ப மூணு. யாரு பேசறது, நீங்கதானே? சளி புடிச்ச மாதிரி இருக்குது."

ஏன் என்று யோசித்தேன். மனிதக் குரலில் 'ஆ', 'ஓ' எல்லாம் பெரிய அலை. 'ட்', 'ச்', 'க்' எல்லாம் மிகச் சின்ன அலை. அவள் காதுக்குப் பெரியது மட்டும் எட்டுகிறது. அதனால்தான் எல்லாப் பேச்சும் அழுகையாகக் கேட்டது. இந்தப் பழைய மிஷினுக்குப் பெரிது சிறிது தெரியாது. அதன் ஸ்பீக்கருக்கு இரண்டே நிலை: உண்டு, இல்லை. அதற்குள் போகிற சின்ன அலையும் பெரிய அலையும் ஒரே உயரம் ஆகிவிடுகின்றன. கேட்க விகாரம். ஆனால் 'ட்'டும் 'ஆ'வும் சரிசமமாக வருகின்றன. பெரிய விலை கொடுத்து வாங்கிய காதுக் கருவி செய்யாததை ரப்பர் கீ மிஷின் செய்தது.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் வேலையில் இருந்த முப்பத்திரண்டு வருஷத்திலும் இருந்ததில்லை. இதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

மகளின் ஃபைலை இந்த மிஷினுக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும். பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, விநாடிக்கு எட்டாயிரம் புள்ளிகளாக அந்த ஒலியைக் குறைத்து, ஒவ்வொரு புள்ளியும் நடுக்கோட்டுக்கு மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூஜ்யம் என்று ஆக்கி, எட்டு எட்டாக ஒரு பைட்டில் அடுக்கி, அந்தப் பைட்டுகளை மறுபடியும் கேசட்டில் பதியக்கூடிய கீச்சு ஒலியாக மாற்றுவதற்கு ஒரு சிறு நிரல் எழுதினேன். அதற்கு ஆறு நாள் ஆனது. பதிந்து எடுக்க என் டேப் ரிக்கார்டரையும் தூக்கிப் போனேன்.

கீச்சு ஒலி கேட்டதும் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"சார், இது என்ன சார், ஃபேக்ஸு மிஷின் பிரசவ வலி எடுத்த மாதிரி?"

"என் பொண்ணு பேசறாங்க."

"பொண்ணா?" அவர் கூண்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "உங்க வூட்டு ஆளுங்க எல்லாருமே இப்படித்தான் பேசுவீங்களா சார், இல்ல ஃபாரின் போன பிறகா?"

"ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபா குடுக்கறேன் இல்ல?"

"குடுக்கறீங்க சார். இந்தச் சத்தத்துக்கு எழுந்து போன மூணு கஸ்டமரு குடுக்கலையே" என்றார். ஆனாலும் தடுக்கவில்லை.

இங்கேதான் கணக்கு வந்தது. விநாடிக்கு எட்டாயிரம் புள்ளி என்றால் ஆயிரம் பைட். மகள் பேசியது 180 விநாடி. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பைட். மிஷினில் திரைக்கும் என் நிரலுக்கும் போக மிஞ்சுவது நாற்பதாயிரம். ஆகவே நாற்பது விநாடி.

புள்ளிகளைப் பாதியாக்கிப் பார்த்தேன். எண்பது விநாடி கிடைத்தது, ஆனால் 'ச்' எல்லாம் 'ஸ்' ஆகி, பிறகு காற்றாகிப் போயின. சரிப்படவில்லை. அதை விட்டால் நேரான வழி ஒன்று இருந்தது. குரலை ஐந்து துண்டாக்கி ஐந்து முறை ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம், தவறினால் மறுபடி நான்கு. நடுவில் கரண்ட் போகலாம். டேப் ரிக்கார்டரின் ஹெட் தேய்ந்திருந்தது. அத்தனை நேரம் அவள் நாற்காலியில் காத்திருக்க மாட்டாள், எழுந்து போய்விடுவாள் என்று நானே முடிவு செய்தேன். அவளைக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நாற்பது விநாடிக்குள் அடக்கிக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பெரிய கணக்கைச் சின்னக் கட்டத்துக்குள் அடக்குவதுதான் என் வேலையாக இருந்தது.

முதலில் பேச்சு இல்லாத இடங்களை வெட்டினேன். மூச்சு விடுவது, மூக்கை உறிஞ்சுவது, ஒன்றும் சொல்லாமல் இருப்பது. இவற்றை வெட்டத் தனிக் காரணமும் இருந்தது. சின்ன ஒலியைப் பெரிதாக்கும் மிஷின், மௌனத்தில் இருக்கும் இரைச்சலையும் பெரிதாக்கிவிடும். அதில் 52 விநாடி போனது. பிறகு ஒன்றையே இரண்டு முறை சொன்ன இடங்கள், கேள்விக்குச் சம்பந்தமில்லாத இடங்கள். பிறகு அம்மா.

மகள் மூன்று நிமிடத்தில் முப்பத்தோரு முறை அம்மா என்றிருந்தாள். பேச்சைத் தொடங்கும்போது, முடிக்கும்போது, அழுகையை அடக்கும்போது, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாதபோது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை விநாடி. கூட்டினால் பதினான்கு விநாடி. நாற்பதில் பதினான்கு என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். ஒரே சொல்லுக்கு இவ்வளவு இடமா என்று தோன்றியது. யாரிடம் பேசுகிறாள் என்பது கேட்கிறவளுக்குத் தெரியாதா? முப்பதை வெட்டி, முதலில் இருந்த ஒன்றை மட்டும் வைத்தேன்.

எல்லாம் முடித்துப் பார்த்தால் 40,400 பைட். நானூறு அதிகம். எதைத் தொட்டாலும் விஷயம் கெடும் என்று நினைத்தேன். அந்த முதல் அம்மா 450 பைட். அதையும் எடுத்தேன். கச்சிதமாக அடங்கியது. கடைக்காரரைக் கூப்பிட்டு எண்ணைக்கூடக் காட்டினேன்.

"சூப்பரு சார்" என்றார், எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமல்.

மூன்று ஃபைலும் சேர்ந்து மெயில் பெட்டியை நிறைத்திருந்தன. வேலைதான் முடிந்ததே என்று அந்த மெயிலை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணி 10 நிமிடத்துக்குக் கீயை அழுத்தினேன். ஸ்பீக்கரிலிருந்து கரகரவென்று மகள் பேசினாள். "நான் பதினேழாம் தேதி மெட்ராஸ் வரேன். பதினஞ்சு நாள் இருப்பேன். குழந்தைக்கு ஒன்பது மாசம். வீட்டுக்கு வரலாமான்னு சொல்லு. வரச் சொன்னா வரேன். இல்லன்னா இல்ல." இடையில் குழந்தையின் எடை, அவள் வேலை, மாப்பிள்ளைக்கு விடுமுறை எத்தனை நாள் என்பதெல்லாம் இருந்தன. "இல்லன்னா இல்ல" என்பதற்குப் பின்னால், நான் கோவிச்சுக்க மாட்டேன், நீ நல்லா இருந்தா போதும் என்று அவள் சொன்னதை, கேள்விக்குச் சம்பந்தமில்லாதது என்று நான் எடுத்திருந்தேன்.

மனைவிக்குக் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என் நாடித் துடிப்பை 82 வரை எண்ணினேன்.

"இன்னொரு தடவ போடுங்க" என்றாள். போட்டேன். பிறகு இன்னொரு தடவை.

மூன்றாவது முறைக்குப் பின் புடவைத் தலைப்பை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"அன்னைக்கு ஃபோன்ல நான் ஒண்ணு சொன்னேன். உங்ககிட்ட சொல்லல" என்றாள். "இனிமே என்னை அம்மான்னு கூப்புடாதேன்னேன். கோவத்துல வர்றதுதானே. அவ அதை அப்படியே புடிச்சிக்கிட்டா. பாருங்க, இவ்வளவு பேசறா, ஒரு தடவ கூடக் கூப்புடல. ஆபீஸ்ல லீவு கேக்குற மாதிரி கேக்குறா."

நான் கீயிலிருந்து கையை எடுத்தேன்.

"வேணாம்னு எழுதிடுங்க. கடமைக்கு ஒண்ணும் வர வேணாம்" என்று எழுந்து போனாள். மேஜைமேல் மிஷின் சூடாக இருந்தது. கரண்ட் போகவில்லை. மழையும் வரவில்லை.

அவள் பின்னாலேயே போய், முகத்துக்கு நேரே நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "நான்தான் வெட்டினேன். முப்பத்தோரு தடவை கூப்பிட்டா. இடம் இல்லைன்னு நான்தான் எடுத்தேன்."

அவள் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"நீங்க சுருக்குவீங்க. எனக்குத் தெரியாதா? ஆனா பெத்த பொண்ணு அம்மான்னு கூப்புடறதப் போயி யாராச்சும் வெட்டுவாங்களா? அப்படி ஒரு மனுசன் இருப்பானா? பொண்ணுக்காகப் பொய் சொல்றீங்க. போங்க."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். காது கேட்காதவர்களுக்கு அது ஒன்று வசதி. முகத்தைத் திருப்பிக்கொண்டால் விவாதம் முடிந்தது.

மறுநாள் காலை கடை திறக்குமுன் போய் நின்றேன். வெட்டாத பழைய ஃபைல்கள் நான் உட்கார்ந்து வெட்டிய ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருக்குமே என்ற ஒரே நம்பிக்கை.

"ஐயையோ, வைரஸ் வந்துதுன்னு நேத்துதான் சார் எல்லாத்தையும் அழிச்சி புதுசா போட்டோம்" என்றார் கடைக்காரர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலியை நிறுத்தினார். ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். அன்று உட்கார்ந்ததற்குக் காசு வாங்கவில்லை.

மகளுக்கு மெயில் அனுப்பினேன். நடந்ததை எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஃபைல் கெட்டுவிட்டது, மறுபடி பேசி அனுப்பு என்று எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது. அம்மா என்ன சொன்னாங்க, அதை மட்டும் சொல்லுங்கப்பா. அதற்கு நான் பதில் எழுதவில்லை. பன்னிரண்டு நாள் அப்படியே போயின. பதினேழாம் தேதி அவர்கள் சென்னையில் இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் வீட்டிலிருந்து மகள் ஃபோன் செய்து, "வந்துட்டோம்பா" என்றாள். மேலே ஒன்றும் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, புதுக் கேசட்டும் டேப் ரிக்கார்டரும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஆறு மணி நேரம். மடியில் வைத்திருந்த ரிக்கார்டர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முழங்காலில் இடித்தது. மனைவியையும் கூப்பிட்டேன். வரவில்லை. குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கச் சொல்லவுமில்லை, வேண்டாமென்று தடுக்கவுமில்லை. வாங்கிப் போனேன்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பைட் கணக்கையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். சின்ன வயதிலிருந்து என் கணக்குகளுக்குச் சிரித்துப் பழகியவள். பிறகு சிரிப்பு நின்றது.

"எத்தனைன்னு சொன்னீங்க?"

"முப்பத்தொண்ணு."

"எண்ணியிருக்கீங்களே, அப்பா. எண்ணும்போதுகூட உங்களுக்குத் தெரியலையா?"

நான் ரிக்கார்டரை அவள் பக்கம் தள்ளினேன். "இப்ப பேசு. ஒண்ணையும் வெட்ட மாட்டேன். பத்துத் தடவைன்னாலும் ஏத்துறேன்."

சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "அம்மா" என்றாள். பிறகு நிறுத்திவிட்டாள். கூடத்தில் மாப்பிள்ளையின் அண்ணி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மின்விசிறி கடகடவென்று சுற்றியது. குழந்தை ஏதோ சொல்லிற்று. கேசட் ஓடிக்கொண்டே இருந்தது.

"வரலப்பா" என்றாள் மகள், ரிக்கார்டரை அவளே நிறுத்திவிட்டு. "அன்னைக்கு வீட்ல யாரும் இல்ல. கதவ சாத்திக்கிட்டு மூணு தடவ அழுது பேசினது. அனுப்பின உடனே அழிச்சிட்டேன். அதையே திருப்பிப் பேசுன்னா நடிக்கிற மாதிரி இருக்கு. அம்மா வான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். ராத்திரி பஸ்ஸுன்னாலும் வந்துடறேன்."

இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் மனைவி தண்ணீர் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். மகள் என்ன சொன்னாள் என்று கேட்பாள் என நினைத்து, ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

"குழந்தை யாரு சாயலு?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. கீழே இரண்டு பல் வந்திருந்ததைப் பார்த்தேன். மேலே ஒன்று வெண்மையாகத் தெரிந்ததையும் பார்த்தேன். யார் சாயல் என்று பார்க்கவில்லை. "பல்லு மூணு" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் உதட்டையே பார்த்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மற்றதைக் கேசட்டே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

கேசட்டில் இருந்தது மொத்தம் இருபத்திரண்டு விநாடி. வெட்டத் தேவையே இல்லை. அதை மாற்றி எடுத்து வந்து ஏற்றும்போது மிஷினின் டிரான்ஸ்பார்மர் புகைந்தது. இருபத்தேழாம் தேதி. பாலக்கரையில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவரிடம் கம்பி சுற்றக் கொடுத்தேன். நாளை என்றார், நாளை மறுநாள் என்றார். தினமும் இரண்டு வேளை போய் நின்றேன். ஆறாவது நாள் கொடுத்தார். ஜூலை 2. மகளின் விமானம் அன்று விடியற்காலையிலேயே போய்விட்டது.

ஜூலை 3 காலை பத்தரைக்கு மனைவியை உட்காரவைத்துப் போட்டேன். முதலில் ஒரு சொல். அதன் பிறகு மின்விசிறியின் இரைச்சலை மிஷின் முழு உயரத்துக்குத் தூக்கிவிட்டது. குழந்தையின் சத்தமெல்லாம் அதற்குள் முழுகிப்போயிருந்தது.

"கூப்புடறா" என்றாள் மனைவி. "அப்புறம் ஏன் ஒண்ணும் பேசல? மழ பேயற மாதிரி இருக்குது. அங்க மழையா?"

மின்விசிறி என்று சொன்னேன்.

"இன்னொரு தடவ."

பதினேழு தடவை போட்டேன். பதினேழாவது தடவைக்குப் பின் என்னைப் பார்த்து, "நீங்க நெசமாவே வெட்டித்தான் இருக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். "அவளை வரச் சொல்லுங்க" என்றாள். போய்விட்டாள் என்றேன். எப்போது என்றாள். நேற்று என்றேன்.

அன்று பிற்பகல் அவளே ஒரு கடிதம் எழுதினாள். நாலு பக்கம். என்னிடம் காட்டவில்லை, ஒட்டித்தான் கொடுத்தாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. அதையும் அவளே பிரித்தாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாள் என்று மட்டும் எனக்குச் சொன்னாள். பதிலும் நாலு பக்கம் இருந்தது. மற்றதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வருஷம் மாப்பிள்ளைக்கு வேலை போய்விட்டது. அதற்கடுத்த வருஷம் இரண்டாவது பிரசவம். இதை எழுதுகிற 2009 வரை வரவில்லை. மனைவிக்கு இப்போது மிஷின் சத்தமும் கேட்பதில்லை.

பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தது பதினேழு மணி நேரம், 340 ரூபாய். கேசட் நான்கு, 120. இரண்டு முனையிலும் பின் வைத்த கம்பி 35. டிரான்ஸ்பார்மர் சுற்ற 140. சென்னைக்குப் போகவர பஸ் 168. சென்னைக்குள் பஸ்ஸும் ஆட்டோவும் 57. குழந்தைக்குக் கவுன் 185. மனைவியின் கடிதத்துக்கு ஸ்டாம்பு 15. மொத்தம் ஆயிரத்து அறுபது ரூபாய்.